கப்பலில் கரை தெரியாத நாளுக்கு ஒரு கைக்குறிப்பு

போன பங்குனியில் நானும் என் வீட்டுக்காரர் எங்கள் செட்டியாரும் சிங்கப்பூரில் கப்பல் ஏறினோம். பினாங்கு, கொழும்பு, கொச்சி, மும்பை என்று தொட்டுத் தொட்டுப் போய்த் துபாயில் இறங்கப் பதினான்கு நாள். அதில் ஆறு நாள் எந்த ஊரும் கிடையாது. காலையில் அறைத் திரையை விலக்கினால் தண்ணீர். ராத்திரி இழுத்து மூடும்போதும் தண்ணீர். அதைக் கடல் நாள் என்று சொல்கிறார்கள்.

திரும்பி வந்ததிலிருந்து எங்கள் ஊர் கானாடுகாத்தானில் என்னைப் பார்க்கிறவர்கள் ஊர் பார்த்த கதையைக் கேட்பதில்லை. "அதெல்லாம் சரி ஆச்சி, ஒண்ணுமே இல்லாத நாள்ல என்ன செஞ்சீக?" என்றுதான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் அடுத்த வருஷத்துக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. அவர்களுக்காகவும், அவர்களைப் போல முதல் தடவை போகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. பினாங்கை விட்ட அன்று ராத்திரி அறைக்குள் ஒரு தாள் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாள் கப்பலில் நடக்கும் அத்தனையும் அதில் மணிவாரியாக அச்சடித்திருந்தது. உடற்பயிற்சி, சமையல் செய்து காட்டுவது, துண்டை யானை மாதிரி மடிப்பது, வினாடி வினா, நடனம், ஏலம். காசு கொடுத்து வந்திருக்கிறோமே, ஒன்றையும் விடக்கூடாது என்று காலை ஏழு மணியிலிருந்து தளம் தளமாக ஓடினேன். நாலு மணிக்குக் கால் கடுத்துப் போய் அறைக்கு வந்தேன். போனில் சிக்னல் இல்லை, மகளோடு பேச முடியவில்லை. செட்டியார் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். இன்னும் இப்படி ஐந்து நாள் இருக்கிறதே என்று மலைப்பாக இருந்தது.

அப்போதுதான் எங்கள் அப்பச்சி ஞாபகம் வந்தது. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். 1949-ல், பத்தொன்பது வயதில், பினாங்குக் கடைக்கு அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு உதவியாளாகப் போனவர். கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று எங்கள் பக்கம் சொல்வோம். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்ப முடியும். நாகப்பட்டினத்தில் கரையிலிருந்து படகில் போய், தள்ளி நின்ற ரஜுலாக் கப்பலில் ஏறினார். 1926-ல் கட்டிய கப்பல் அது. அறையெல்லாம் பணக்காரர்களுக்கு; அப்பச்சிக்கு மேல்தளத்தில் ஒரு பாய் அகலம். அந்த நாட்களைப் பற்றி அவர் சலித்துப் பேசி நான் கேட்டதில்லை. "ஏறினதும் மொதல்ல எடத்தைப் பிடிக்கணும் ஆத்தா. எடம் அமைஞ்சா பொழுது தானா அமையும்" என்பார். இரண்டாம் நாள் காலையில் நிகழ்ச்சித் தாளை மடித்து வைத்துவிட்டு, அவர் சொன்னபடி இடம் தேடப் போனேன். அங்கிருந்துதான் எனக்குக் கடல் நாள் பிடிபட ஆரம்பித்தது.

இடம் என்றால் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட்டிருக்கிற சாய்வு நாற்காலி என்று நினைக்காதீர்கள். கடல் நாளில் ஊரே அங்கேதான் இருக்கும். விடிவதற்கு முன்பே துண்டு போட்டு வைத்துவிடுவார்கள், பாட்டுச் சத்தம் வேறு. உயிர்காப்புப் படகுகள் தொங்குகிற தளத்துக்குப் போங்கள். படகுகளே நிழல் கொடுக்கும். பெரும்பாலான கப்பல்களில் அந்தத் தளத்தில்தான் சுற்றி நடக்கப் பாதையும் இருக்கும். எத்தனை சுற்று ஒரு மைல் என்று சுவரில் எழுதியிருக்கும். வெயிலையும் கணக்குப் பண்ண வேண்டும். நாங்கள் மேற்கே போனதால் காலை வெயில் கப்பலின் பின்பக்கம் அடித்தது, மாலை வெயில் முன்பக்கம். காலையில் முன்பாதியிலும் சாயங்காலம் பின்பாதியிலும் உட்கார்ந்தேன். நீங்கள் போகும் திசையைப் பார்த்து முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தினமும் அதே இடத்தில் உட்காருங்கள். மூன்றாம் நாள் பக்கத்தில் உட்காருகிறவர்கள் உங்களுக்காக நாற்காலியைப் பார்த்துக்கொள்வார்கள். நம் வீட்டு முகப்புத் திண்ணையில் ஆளுக்கொரு தூண் இருப்பது போலத்தான்.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல்தளத்துக் காற்று சாதாரணக் காற்று அல்ல. கப்பலின் வேகமும் சேர்ந்து அடிக்கும். வழவழப்பான சேலைகள் நிற்காது. நம் கண்டாங்கி மாதிரிக் கனத்த நூல் சேலைதான் காற்றுக்கு அடங்கும். தோளில் இரண்டு ஊக்கு போடுங்கள். விடியற்காலையில் தளத்தைக் கழுவிவிடுவார்கள், வழுக்கும். பின்னால் வார் வைத்த செருப்பு நல்லது.

தலைசுற்றலுக்குப் பயந்தே பாதிப் பேர் போக மறுக்கிறார்கள். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு "ஆடுது" என்கிறது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் "ஆடலை" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் குமட்டுகிறது. ஆகவே தலை கிறுகிறுத்தால் அறைக்குள் போய்ப் படுக்காதீர்கள். வெளியே வந்து வானமும் கடலும் சேருகிற கோட்டைப் பாருங்கள். டிக்கெட் எடுக்கும்போதே கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேட்கச் சொல்லுங்கள். சாய்ந்தாடும் பலகையின் நடுவில் உட்கார்ந்தவருக்கு ஆட்டம் தெரியாது இல்லையா, அதே கணக்கு. இந்தக் காலத்துக் கப்பல்களுக்குத் தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி இறக்கை உண்டு. அது பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதை அது நிறுத்தாது. மாத்திரை போடுவதானால் தலை சுற்றுவதற்கு முன்பே போட வேண்டும், தூக்கம் வரும். வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. வெறும் வயிறாக இருப்பதும் தப்பு. அப்பச்சி கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும் என்பார். எனக்குச் சுக்கும் வெல்லமும் போதுமாக இருந்தது.

மாதத்தையும் பார்த்துப் போங்கள். பங்குனி, சித்திரையில் வங்கக்கடல் பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகை வங்கக்கடலில் புயல் காலம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். வரிசையில் போய் எடுத்துப்போடுகிற சாப்பாட்டுக் கூடத்தில் கடல் நாளில் காலை ஒன்பது மணிக்கு நிற்க இடம் இருக்காது. உட்கார வைத்துப் பரிமாறுகிற பெரிய கூடத்தைப் பல கப்பல்களில் கடல் நாளில் மத்தியானமும் திறப்பார்கள். அங்கே போங்கள். முதல் ராத்திரியே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, "எங்களுக்கு இந்தியச் சைவம், நாளைக்கு என்ன தர முடியும்?" என்று கேளுங்கள். முதல் நாள் சொன்னால் மறுநாள் செய்து தருவார்கள். உட்கார்ந்த பிறகு கேட்டால் அவர்களாலும் முடியாது. எங்கள் கப்பலில் கேரளத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். நான் கேட்டபடி மிளகு தட்டிப் போட்டு ஒரு ரசம் வைத்துக் கொடுத்தார். அவர் கைக்கு நன்றி சொல்லாமல் இந்தக் குறிப்பை முடிக்க எனக்கு மனசு வராது.

ஊரிலிருந்து பலகாரம் கொண்டுபோகிறவர்கள் கவனியுங்கள். நான் வீட்டில் சுட்ட சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோனேன். ஏறும்போது சோதனையில் எடுத்து வைத்துவிட்டார்கள். எட்டு நாள் உட்கார்ந்து செய்த பலகாரம், வயிறு எரிந்தது. காரைக்குடிக் கடையில் வாங்கிய, ஒட்டுப் பிரிக்காத தேன்குழல் பொட்டலத்தை மட்டும் விட்டார்கள். மின்சாரக் கெண்டி, இஸ்திரிப் பெட்டி இரண்டும் கூடாது. கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, அகல் எதையும் அறையில் ஏற்ற முடியாது. கப்பலில் நெருப்பை விடப் பெரிய பயம் கிடையாது. பேட்டரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்று கொண்டுபோங்கள். நான் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் அதைத்தான் வைத்தேன். கப்பலுக்குக் கப்பல் விதி மாறும், டிக்கெட்டோடு வரும் தாளைப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கிற கைத்தெளிப்பு மட்டும் போதாது. கப்பலில் பரவுகிற வாந்திபேதிக் கிருமி அதற்குச் சரியாக அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். தண்ணீருக்கு அங்கே பஞ்சம் இல்லை. கடல் தண்ணீரைக் கப்பலிலேயே நல்ல தண்ணீராக்குகிறார்கள். ஊருணியை நம்பி வளர்ந்த எனக்குக் குழாயைத் திறந்து அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்தபோது உடம்பு சிலிர்த்தது.

இடம் பிடித்தாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. இனி கைக்கு வேலை வேண்டும். சும்மா கடலையே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது ஒரு மணி நேரத்துக்குத்தான் சரிவரும். ஒரு வேலை கையில் இருந்தால்தான் கண் தானாக நிமிர்ந்து கடலைப் பார்க்கும். நான் வயர் கூடை பின்னக் கொண்டுபோனேன். ஓலைக் கொட்டான்தான் எனக்குப் பழக்கம். ஆனால் ஓலையை நனைத்து வைத்துப் பின்ன வேண்டும், அறையெல்லாம் ஈரமாகும், ஆகவே வயர். இரண்டு கட்டு, சிவப்பும் பச்சையும். வட்ட முனையுள்ள சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. சிவன் கண் முடிச்சில் ஆரம்பித்தேன். அரை மணியில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண் நின்று பார்த்தாள். அவள் ஊரிலும் இப்படிப் பின்னுவார்களாம். மறுநாள் இரண்டு ஆஸ்திரேலியப் பாட்டிகள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். முடிச்சுப் போடச் சொல்லிக் கொடுக்க விரல் போதும். அடுத்த கடல் நாட்களிலும் அவர்கள் வந்தார்கள். பின்னத் தெரியாதவர்கள் பூத்தையல் கொண்டுபோங்கள், கோலநோட்டு கொண்டுபோங்கள். முடியாமல் பாதியில் நிற்கிற வேலையாக இருக்கட்டும். நாளைக்கு எழுந்தால் அதைத் தொடர வேண்டும் என்ற நினைப்பே கடல் நாளுக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கும்.

ஆண்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் செட்டியார் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர். பகல் பன்னிரண்டு மணிக்குக் கப்பல் தலைவர் ஒலிபெருக்கியில் பேசுவார்: கப்பல் இப்போது எந்த இடத்தில் இருக்கிறது, என்ன வேகம், காற்று எப்படி, கடல் எவ்வளவு ஆழம். முதல் நாள் நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் இவர் ஒரு நோட்டை எடுத்து, மேலே பிள்ளையார் சுழியும் சிவமயமும் போட்டு, நாள்வழி எழுத ஆரம்பித்தார். "வடக்கு 6 பாகை, கிழக்கு 88 பாகை. வேகம் மணிக்கு 17 கடல் மைல். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். காற்று மெது." ஒரு கடல் மைல் 1,852 மீட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 750 கிலோமீட்டருக்கு மேல். காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புகிற தூரம் ஏறக்குறைய. அறைத் தொலைக்காட்சியில் கப்பல் போகிற வரைபடம் எப்போதும் ஓடும். ஒரு பள்ளிக்கூட வரைபடத்தை வாங்கிக்கொண்டு போய் தினமும் நண்பகல் புள்ளியை வைத்துக் கோடு இழுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது. இரண்டாம் நாள் புள்ளியை வைத்துவிட்டு இவர் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "ஒங்க அப்பச்சி இந்தத் தண்ணிய எத்தனை தடவை தாண்டிருப்பாக?" என்றார். ஏழு தடவை. எனக்குத் தெரியும், நான் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தக் கணக்கில்தான்.

நேரம் மாறுவதுதான் வயதானவர்களைக் குழப்பும். பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி முன்னால். கொழும்பும் நாமும் ஒரே நேரம். அந்த இரண்டரை மணியைக் கப்பலில் ஒரே நாளில் கழிக்க மாட்டார்கள். ஒரு ராத்திரி ஒரு மணி, மறு ராத்திரி ஒரு மணி, மூன்றாம் ராத்திரி அரை மணி என்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைக்கச் சொல்வார்கள். மேற்கே போகிறவர்களுக்கு நாள் இருபத்தைந்து மணி நேரமாகும். கிழக்கே போனால் தூக்கத்தில் பிடுங்குவார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்கள், கிளம்புமுன் டாக்டரிடம் இந்த மணிக்கணக்கைக் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு கடிகாரம் கட்டினேன்: இடது கையில் கப்பல் நேரம், வலது கையில் ஊர் நேரம். சாப்பாட்டுக்கு இடது கை. மாத்திரைக்கும் விளக்குக்கும் வலது கை.

போனை ஏறியவுடன் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைத் தானாகப் பிடித்துக்கொண்டு பெரிய பில்லைக் கொண்டுவரும். பிள்ளைகளிடம் "கடல் நாளில் ஆத்தா பேசாது, கவலைப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், முதல் நாள் நான் அழுத அழுகை உங்களுக்கு வராது.

கடைகள் கடல் நாளில்தான் திறந்திருக்கும், கூட்டம் நெரியும். எண்ணெய் தேய்த்துவிடுகிற இடத்தில் கடல் நாளில் விலை கூடுதல். துறைமுக நாளில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு போனால் குறைத்துக் கொடுப்பார்கள். துணி துவைக்கிற அறைக்கும் துறைமுக நாளிலேயே போங்கள். நல்ல உடை போட்டு வரச் சொல்கிற ராத்திரிச் சாப்பாட்டையும் பெரும்பாலும் கடல் நாளில்தான் வைப்பார்கள், ஒரு பட்டுச் சேலை போதும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டம் பாட்டுக்குப் போகிறவர்கள் போகட்டும். ஒரு ராத்திரியாவது வெளிச்சம் குறைந்த தளத்தைத் தேடிப் போய் நில்லுங்கள். கப்பலில் விளக்கு எங்கும் எரிவதால் வானம் தெரியாது. பணியாளரைக் கேட்டால் இருட்டான மூலையைக் காட்டுவார்கள். கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டி அகலம் ஏறக்குறையப் பத்துப் பாகை. நம் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே ஒரு முட்டி உயரத்தில் நிற்கும். ஆறாம் பாகையில் அது அரை முட்டிக்குச் சற்று மேலே, தண்ணீரின் மூட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியதாக இருந்தது. தெற்கே திரும்பினால் திரிசங்கு, தென்சிலுவை என்கிறார்களே அந்த நட்சத்திரக் கூட்டம், நன்றாக எழும்பி நின்றது. ஊரைவிட்டு எவ்வளவு இறங்கி வந்திருக்கிறோம் என்பது எனக்கு வரைபடத்தில் தெரியவில்லை, அந்த அரை முட்டியில் தெரிந்தது. பாய் விரித்துப் படுத்த அப்பச்சிக்கு ஒவ்வொரு ராத்திரியும் இது தலைக்கு மேலே இருந்திருக்கும்.

பகலில் பார்க்கிறவர்களுக்கு: கப்பலின் முன்பாதியில் கைப்பிடி ஓரமாக நின்று கீழே பாருங்கள். கப்பல் கிழித்துப் போகிற தண்ணீருக்கு மிரண்டு பறவைக் கோலா மீன்கள் கூட்டமாக எழும்பிப் பறக்கும். விடியற்காலையும் மாலையும் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், வரும்.

கொழும்புக்கு முந்தின நாள் மாலை மட்டும் வேலையை மூட்டை கட்டிவிட்டுத் தளத்துக்கு வந்துவிடுங்கள். கப்பல் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் திரும்பும். மேற்கே போகிறவர்களுக்குக் கரை வலது கைப்பக்கம். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கடலில் நீலத் திமிங்கலங்கள் உண்டு. கப்பல்கள் அதிகம் போகிற பாதையிலேயே அவை மேய்கின்றன என்பதால், மோதிவிடக் கூடாதே என்ற பதைப்பும் இருக்கும். நாலரை மணிக்கு ஆஸ்திரேலியப் பாட்டிதான் என் தோளைத் தட்டிக் காட்டினாள். தூரத்தில் மூன்று ஆள் உயரத்துக்கு மேலே ஒரு நீர்ப்புகை எழும்பி, காற்றில் சாய்ந்து கலைந்தது. பிறகு இன்னொன்று. முதுகு நீளமாக வந்துகொண்டே இருந்தது, முடிகிற பாடில்லை. நான் வாய்விட்டு "முருகா" என்றேன். பக்கத்தில் யாரும் பேசவில்லை.

செட்டியார் அன்றைய நாள்வழியில் நேரத்தோடு அதை எழுதினார். கூடைக்குக் கைப்பிடி போடுவது மட்டும் பாக்கி. படுக்கப் போகும்போது அரை மணி பின்னுக்கு வைக்கச் சொல்லி அறிவித்தார்கள். இடது கைக் கடிகாரத்தைத் திருகி வைத்துவிட்டுப் பார்த்தேன், இரண்டு கையிலும் ஒரே நேரம். ஒன்றைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன்.